இடைவேளை இல்லாத மூன்று மணி நேரம்

அலங்காநல்லூரில் தை மூன்றாம் நாள் ஜல்லிக்கட்டு முடிந்துவிட்டால், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடுத்து நிற்பது திருப்புதல் தேர்வு. பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு வந்து போகும். மார்ச் பிறந்தால் பொதுத்தேர்வுக் காலம். அலங்காநல்லூரோ பாலமேடோ வாடிப்பட்டியோ, எந்த ஊர்ப் பள்ளியில் உட்கார்ந்து எழுதினாலும் நேரக் கணக்கு ஒன்றுதான். காலை 10 மணிக்கு வினாத்தாள் கைக்கு வரும். படித்துப் பார்க்க 10 நிமிடம். விடைத்தாளின் முகப்பில் விவரங்களைச் சரிபார்க்க 5 நிமிடம். 10.15-க்கு மணி அடித்ததும் எழுதத் தொடங்கினால் 1.15 வரை பேனா ஓடலாம்.

இந்த மூன்றேகால் மணி நேரத்தில் இடைவேளை கிடையாது. சாதாரணப் பள்ளி நாளில் பதினொரு மணி வாக்கில் ஒரு மணி அடிக்கும். பிள்ளைகள் தண்ணீர் குடிப்பார்கள், கழிப்பறைக்குப் போவார்கள், பையிலிருந்து இரண்டு பிஸ்கட்டை எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். மதியம் இன்னொரு மணி அடித்தால் சாப்பாடு. தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பிள்ளைக்கு இந்த இரண்டு மணியோசைகளும் சிகிச்சையில் சேர்ந்தவை. மருத்துவர் ஊசியின் அளவை எழுதும்போதே “பதினொரு மணிக்கு ஏதாவது சாப்பிடணும், ஒரு மணிக்குள் சோறு சாப்பிடணும்” என்ற கணக்கில்தான் எழுதியிருப்பார். தேர்வு நாள் அந்த இரண்டையும் எடுத்துவிடுகிறது. ஊசியின் அளவு மட்டும் பழையபடியே இருக்கிறது.

முதல் வகை நீரிழிவு உள்ள பிள்ளைகளைப் பற்றிச் சொல்கிறேன். இது பாட்டிக்கும் பெரியப்பாவுக்கும் வருகிற சுகர் அல்ல. கணையத்தில் இன்சுலினைச் சுரக்கும் பீட்டா செல்களை உடலின் சொந்த எதிர்ப்பாற்றலே அழித்துவிடுவதால் வருவது. ஐந்து வயதிலும் வரும், பன்னிரண்டு வயதிலும் வரும். கரும்புத் தோட்டமும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் உள்ள ஊரில், “எந்நேரமும் கரும்பைக் கடிச்சுக்கிட்டே திரிஞ்சா, அதான் வந்துருச்சு” என்று பிள்ளையின் மேல் பழி போடுவது எளிது. அதில் உண்மை இல்லை. இனிப்பைத் தொடாமலே வளர்ந்த பிள்ளைக்கும் இது வரும். உலக நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021-ஆம் ஆண்டுக் கணிப்பின்படி, இந்தியாவில் இருபது வயதுக்குக் கீழ் இந்த நோயோடு வாழ்பவர்கள் ஏறத்தாழ 2,29,000 பேர். ஒவ்வோர் ஆண்டும் அவர்களில் ஒரு பகுதியினர் ஏதாவது ஒரு பொதுத்தேர்வை எழுதுகிறார்கள்.

நூறாண்டுக்கு முன்னால் இப்படி ஒரு அத்தியாயமே தேவைப்பட்டிருக்காது. நோய் வந்த பிள்ளைகள் சில மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ இறந்துவிடுவார்கள். 1922 ஜனவரி 11 அன்று டொரண்டோ பொது மருத்துவமனையில் லியோனார்டு தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது. நம் ஊர்க் கணக்கில் ஒன்பதாம் வகுப்புப் பையன். முதல் ஊசி போதிய தூய்மையில்லாமல் அவ்வளவாகப் பலன் தரவில்லை. ஜனவரி 23-ல் தொடங்கிய அடுத்த சுற்று ஊசிகளுக்குப் பிறகு அவன் தேறினான். அன்று முதல் இந்தப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் தேர்வும் வேலையும் கல்யாணமும் உண்டு என்றானது. ஆனால் ஒரு வேலை அவர்கள் தலையில் விழுந்தது. நம் கணையம் சத்தமில்லாமல் நொடிக்கு நொடி செய்யும் கணக்கை, அவர்கள் விழிப்போடு உட்கார்ந்து நாள் முழுக்கப் போட வேண்டும்.

அந்தக் கணக்கு தேர்வு நாளில் எப்படிப் பிசகுகிறது என்று பார்க்க, பாலமேட்டுப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பேருந்தில் வந்து தேர்வு எழுதும் ஒரு பெண்ணைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கும் இரண்டு வகை இன்சுலினைக் காலையிலும் இரவிலும் போட்டுக்கொள்கிறாள். ஒன்று தண்ணீர்போல் தெளிவாக இருக்கும் ரெகுலர். மற்றொன்று பால்போல் கலங்கலாக இருக்கும் என்பிஎச். தெளிவான மருந்து போட்ட அரை மணியில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொடும். கலங்கல் மருந்து மெதுவாகத் தொடங்கி நான்காவது மணியிலிருந்து எட்டு, பத்து மணி நேரம் வரை ஓங்கி நிற்கும்.

காலை 7.15-க்கு ஊசி. 7.45-க்கு இட்லி. வழக்கமாக நான்கு இட்லி சாப்பிடுகிறவள், தேர்வுப் பதற்றத்தில் இரண்டோடு எழுந்துவிடுகிறாள். “சாப்பிட்டா வாந்தி வர்ற மாதிரி இருக்கும்மா.” அம்மாவும் வற்புறுத்துவதில்லை. ஊசி போட்டது நான்கு இட்லிக்கு. குறைந்த இரண்டு இட்லியில் 20 கிராமுக்குக் குறையாத மாவுச்சத்து போயிற்று. வாடிவாசலைத் தாண்டிய காளையைத் திரும்ப உள்ளே இழுக்க முடியாது. தோலுக்கடியில் இறங்கிய இன்சுலினும் அப்படித்தான். போட்ட அளவுக்கு அது வேலை செய்தே தீரும்.

பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாள். நிறுத்தத்திலிருந்து பள்ளிவரை வேகமாக நடக்கிறாள். உழைக்கும் தசை இன்சுலினின் துணை இல்லாமலே சர்க்கரையை உறிஞ்சும் என்பதால் இதுவும் கணக்கில் சேர்கிறது. 9.15 முதல் 11.15 வரை தெளிவான மருந்தின் உச்சம். 11.15-லிருந்து கலங்கல் மருந்து ஏறுகிறது. அதாவது ஒன்றின் கடைசி வேகமும் மற்றொன்றின் முதல் வேகமும் சந்திக்கும் நேரம், தேர்வறைக்குள் இரண்டாவது மணி நேரம். மற்ற நாட்களில் பிஸ்கட் சாப்பிடும் நேரம் அது. நெடுவினாக்களுக்குள் நுழையும் நேரமும் அதுதான்.

ஒரு நாளில் பல முறை வேக இன்சுலினும், நாள் முழுதும் ஒரே சீராக வேலை செய்யும் நெடுநேர இன்சுலினும் போட்டுக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இந்தச் சிக்கல் குறைவு. அவர்கள் சாப்பாட்டைச் சற்றுத் தள்ளிப்போட முடியும். ஆனால் இரு வேளை ஊசியில் இருக்கும் பிள்ளைகள் நம் கிராமங்களில் இன்னும் ஏராளம். தேர்வு நேரத்தை வகுத்தவர்கள் மனதில் அவர்கள் இல்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இதுவரை சொன்னது எல்லாம் சர்க்கரை இறங்கும் பக்கம். ஏறும் பக்கமும் ஒன்று உண்டு. பயந்தால் உடலில் அட்ரினலினும் கார்டிசாலும் சுரக்கும். இவை கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரையை இரத்தத்தில் இறக்கிவிடும். இன்சுலினின் வேலையையும் மட்டுப்படுத்தும். இரவெல்லாம் கண் விழித்துப் படித்தால் உடல் இன்சுலினுக்கு வளைந்து கொடுப்பது குறையும். ஆகவே அதே பெண்ணுக்கு அதே காலையில் சுகர் 250-க்கு ஏறியிருக்கவும் இடமுண்டு. பயம் ஏற்றுகிறது, பாதிச் சாப்பாடு இறக்குகிறது. எது வெல்லும் என்பது ஆளுக்கு ஆள், நாளுக்கு நாள் மாறும். நல்ல மருத்துவர்கூட முன்கூட்டிச் சொல்ல முடியாது.

இந்த அத்தியாயத்தில் எனக்கு முக்கியமானது இனி வருவது. 100 மில்லி இரத்தத்தில் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் உடல் அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. அப்போது சுரக்கும் முதன்மையான எச்சரிக்கை ஹார்மோன்களில் ஒன்று அட்ரினலின். கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், வயிறு பிசையும். கடினமான வினாத்தாளைப் பார்த்துப் பயந்த பிள்ளைக்குச் சுரப்பதும் அதே அட்ரினலின்தான். அங்கும் அதே நடுக்கம், வியர்வை, படபடப்பு. வெளியிலிருந்து பார்க்கிற அறைக் கண்காணிப்பாளருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. உள்ளே இருந்து அனுபவிக்கிற பிள்ளைக்கே பல நேரம் தெரியாது. “பயப்படாதம்மா, தண்ணி குடி, தெரிஞ்சதை எழுது” என்று ஆசிரியர் அன்போடு சொல்வது, சுகர் 58-ல் இருக்கும் பிள்ளைக்குப் பயன்படாது. அவளுக்குத் தேவை குளுக்கோஸ். அதேபோல், வெறும் பயத்தில் நடுங்கும் பிள்ளை லோ சுகர் என்று எண்ணிக் குளுக்கோஸை விழுங்கினால், 220-ல் இருந்தது 300-ஐத் தாண்டும். இரண்டையும் பிரித்துக் காட்ட ஒரு சொட்டு இரத்தத்தால் முடியும். அந்தச் சொட்டை எடுத்துப் பார்க்கும் கருவி தேர்வறைக்கு வெளியே பையில் கிடந்தால் என்ன பயன்?

இறங்கிய சர்க்கரை மூளையை என்ன செய்கிறது? வளர்ந்த மனிதரின் எடையில் மூளை சுமார் 2 சதவீதம். ஓய்வாக இருக்கும்போதே உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 சதவீதத்தை அது எடுத்துக்கொள்கிறது. சொல்லும்படியான சேமிப்பு எதுவும் அதற்குக் கிடையாது. இரத்தம் கொண்டுவந்து தருவதை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். சர்க்கரை 54-க்குக் கீழே போகும்போது கவனமும் வேகமும் முதலில் சரிகின்றன. பழகிப்போன எளிய வேலைகள் கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். பல படிகள் கொண்ட வேலைதான் முதலில் உடையும். தேர்வு மொழியில் சொன்னால், மனப்பாடமாக இருக்கும் ஒரு மதிப்பெண் விடை வந்துவிடும். கணக்கில் மூன்றாவது படியில் எழுதிய எண் நான்காவது படிக்குப் போவதற்குள் மறந்துவிடும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கத் தோன்றும். காரணமில்லாமல் கோபமோ அழுகையோ வரும்.

குளுக்கோஸ் சாப்பிட்டால் கால் மணியில் எண் ஏறிவிடுகிறது. மூளை அவ்வளவு சீக்கிரம் ஏறுவதில்லை. இரத்தச் சர்க்கரை சீரான பிறகும் கவனமும் வேகமும் பழைய நிலைக்கு வர அரை மணி, சில ஆய்வுகளில் அதற்கும் மேலே ஆகியிருக்கிறது. ஆகவே 11.20-க்கு இறங்கியதைக் கவனித்துச் சரிசெய்தாலும் அவள் முழுத் தெளிவோடு எழுதுவது பன்னிரண்டுக்குப் பிறகுதான். இடையே போன நேரத்தை யாரும் திருப்பித் தரப்போவதில்லை. பிரிட்டனின் தேர்வு வாரியங்கள் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குக் கண்காணிப்போடு கூடிய ஓய்வு இடைவெளி தருகின்றன. அந்த நிமிடங்கள் தேர்வு நேரத்தில் கழிவதில்லை. நியாயமான ஏற்பாடு இது. நம் ஊருக்கும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிலிப் கிரையரும் சைமன் ஹெல்லரும் செய்த ஆய்வு 1991-ல் வெளியானது. நீரிழிவே இல்லாதவர்களுக்கு ஒரு பிற்பகலில் சர்க்கரையைச் செயற்கையாக இறக்கினார்கள். மறுநாள் காலை மீண்டும் இறக்கியபோது, உடல் எழுப்பும் எச்சரிக்கை மங்கியிருந்தது. நடுக்கமும் வியர்வையும் குறைவாகவே வந்தன. ஒரே ஒரு முறை இறங்கினாலே இந்த நிலை. தேர்வுக்கு முந்தைய இரவு தூக்கத்தில் சர்க்கரை இறங்கிய பிள்ளைக்கு, மறுநாள் தேர்வறையில் கை நடுங்காமலே, வியர்க்காமலே மூளை மங்கிக்கொண்டு போகலாம். எழுந்ததும் ஒரு முறை சோதிப்பதோடு, முந்தைய இரவு படுக்கும் முன்னும் சோதிக்கச் சொல்வது இதனால்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஏறாதோ” என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. 2019-ல் ஜாமா மருத்துவ இதழில் வெளியான டென்மார்க் ஆய்வு 6,31,620 பள்ளிப் பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தது. அவர்களில் 2,031 பேருக்கு முதல் வகை நீரிழிவு. இரு பிரிவினரின் சராசரியிலும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. நல்ல மருத்துவமும் பள்ளியின் துணையும் கிடைத்தால் நோய் மதிப்பெண்ணைத் தின்பதில்லை என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை.

இறங்குவதற்குப் பயந்து சில வீடுகளில் ஒரு முடிவு எடுப்பார்கள்: “பரீட்சை முடியுற வரைக்கும் காலை ஊசி வேண்டாம்.” இது மிகப் பெரிய ஆபத்து. முதல் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன் என்ற அமிலப் பொருள்களைக் குவிக்கும். வாந்தி, வயிற்றுவலி, ஆழ்ந்த வேக மூச்சு என்று முற்றி, ஒரே நாளில் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோய்விடும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், 300-க்கு மேல் இருக்கும் பிள்ளைக்கு நா வறளும், அடிக்கடி சிறுநீர் முட்டும், கண்வில்லையின் நீர்ச்சமநிலை மாறி எழுத்து மங்கும். வர்ஜீனியாவில் டேனியல் காக்ஸ் குழுவினர் பெரியவர்களிடம் செய்து 2005-ல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரை 270-ஐத் தாண்டியபோது ஏறத்தாழ பாதிப் பேருக்கு மூளையின் வேகம் குறைந்தது தெரிந்தது. ஆக, “கொஞ்சம் ஏறியே இருக்கட்டும், பாதுகாப்பு” என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. ஊசியின் அளவைத் தேர்வு நாளுக்கு மாற்ற வேண்டுமா, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அவரிடம் தேர்வு அட்டவணையையும் 10 முதல் 1.15 வரை சாப்பிட முடியாது என்பதையும் ஒரு மாதம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

சோதிக்கும் முறையிலும் தேர்வு எழுதும் பிள்ளைக்கென்று சில நுணுக்கங்கள் இருக்கின்றன. வலக்கையால் எழுதுகிறவள் இடக்கை விரலில் குத்த வேண்டும். பேனா பிடிக்கும் விரல் வலிக்கக் கூடாது, விடைத்தாளில் இரத்தம் படக் கூடாது. விரல் நுனியின் நடுவில் குத்தினால் அதிகம் வலிக்கும். நகத்துக்குப் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. குத்துவதற்கு முன் கையைத் தண்ணீரில் கழுவித் துடைக்க வேண்டும். சற்று முன் வாழைப்பழமோ ஆரஞ்சோ உரித்த விரலில் ஒட்டியிருக்கும் சாறு, 65-ஐ 130 என்று காட்டிவிடக் கூடும். அந்தப் பொய்யான 130-ஐ நம்பி அவள் எழுதிக்கொண்டே இருப்பாள். சொட்டை ஸ்டிரிப்பின் முனையில் தொட்டால், அதில் பூசியிருக்கும் நொதி இரத்தச் சர்க்கரையோடு வினைபுரிந்து எலக்ட்ரான்களை விடுவிக்கும். அந்த நுண்ணிய மின்னோட்டத்தை அளந்துதான் கருவி சில நொடிகளில் எண்ணைக் காட்டுகிறது. தரமான கருவியிலும் 15 வரை முன்பின் இருக்கலாம் என்று சர்வதேசத் தரவிதியே இடம் தருகிறது. ஆகவே கருவி 74 என்று காட்டி, கையும் நடுங்கினால், அதை 70-க்குக் கீழ் என்றே எடுத்துக்கொண்டு சாப்பிட்டுவிடுவது நல்லது.

என்ன சாப்பிடுவது? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு 15 கிராம் குளுக்கோஸ் போதும். மூன்று தேக்கரண்டிப் பவுடர். வீட்டிலேயே சிறு பொட்டலங்களாக மடித்து வைத்துக்கொள்ளலாம், குளுக்கோஸ் மாத்திரையும் கிடைக்கிறது. 15 நிமிடம் கழித்து மீண்டும் சோதித்து, ஏறாவிட்டால் இன்னொரு பொட்டலம். குளுக்கோஸ் கையில் இல்லையென்றால் சர்க்கரை. நம் பக்கத்துப் பிள்ளைகள் பையில் எப்போதும் இருப்பது கடலை மிட்டாய். அது நல்ல தின்பண்டம்தான், ஆனால் அவசரத்துக்கு உதவாது. கடலையின் கொழுப்பு வயிற்றிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்தும். சாக்லேட்டும் அப்படியே. முதலில் குளுக்கோஸ், சுகர் ஏறிய பிறகு அது மறுபடி சரியாமல் தாங்கக் கடலை மிட்டாய் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் இரண்டுக்கும் வேலை இருக்கிறது.

மார்ச் கடைசியில் மதுரைச் சமவெளியின் வெயில் வேறு. 38 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. சூட்டில் தோலின் இரத்த ஓட்டம் கூடி, போட்ட இன்சுலின் வேகமாக உள்ளே ஏறும். வியர்வையில் நீர் குறைந்தால் சர்க்கரையின் அடர்த்தி கூடும். தண்ணீர்ப் பாட்டில் கட்டாயம் வேண்டும். இன்சுலின் குப்பியை வெயிலில் நிற்கும் வண்டிப் பெட்டியில் விடக் கூடாது. குளிர்பெட்டி இல்லாத வீடுகள் பதற வேண்டியதில்லை. ஈரமணலில் வைத்த மண்பானைக்குள் குப்பியை வைக்கும் பழைய வழக்கம் வேலை செய்கிறது. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும் ஜெனீவாப் பல்கலைக்கழகமும் கென்யாவின் டகாஹாலே அகதி முகாமில் வெப்பநிலையை அளந்து, அதே 25-க்கும் 37-க்கும் இடைப்பட்ட ஏற்ற இறக்கத்தில் இன்சுலினை நான்கு வாரம் வைத்துச் சோதித்தார்கள். மருந்தின் வீரியம் குறையவில்லை என்று 2021-ல் வெளியிட்டார்கள்.

இத்தனையையும் பிள்ளை தனியாகச் செய்துவிட முடியும், அறையில் இருக்கும் பெரியவருக்கு விஷயம் தெரிந்திருந்தால். தெரிவதில்லை என்பதுதான் பெரிய தடை. பெண்பிள்ளை என்றால் வீட்டார் மறைக்கிறார்கள். “நாளைக்கு நாலு இடத்துல பேசணும்ல” என்ற கவலை. வகுப்பாசிரியருக்கே சொல்லாத வீடுகள் உண்டு. பொதுத்தேர்வில் கண்காணிப்பாளர் வேறு பள்ளியிலிருந்து வருபவர். பிள்ளையின் முகமே அவருக்குப் புதிது. பறக்கும் படை வரும் அறையில், காகிதப் பொட்டலத்தைப் பிரிக்கும் பிள்ளையை அவர் எப்படிப் பார்ப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பார்வைக்குப் பயந்தே சில பிள்ளைகள் சுகர் இறங்குவது தெரிந்தும் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பார்கள்.

விதிகள் மெல்ல மாறிவருகின்றன. சிபிஎஸ்இ வாரியம் 2017-லேயே, முதல் வகை நீரிழிவுள்ள மாணவர்கள் சர்க்கரை மாத்திரை, பழம், சிற்றுண்டி, அரை லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைத் தேர்வறைக்குக் கொண்டுவரவும், கண்காணிப்பாளரிடம் கொடுத்து வைத்து வேண்டும்போது வாங்கிக்கொள்ளவும் அனுமதி தந்தது. நீட் தேர்வின் விதிகளிலும் நீரிழிவுள்ளவர்கள் சர்க்கரை மாத்திரை, வாழைப்பழம், ஆப்பிள், ஆரஞ்சு போன்ற பழங்கள், உள்ளே தெரியும் தண்ணீர்ப் பாட்டில் ஆகியவற்றைக் கொண்டுபோகலாம் என்று இருக்கிறது. சாக்லேட், சாண்ட்விச் போன்ற பொட்டல உணவு கூடாது. 2023-ல் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் எல்லா மாநிலங்களின் கல்வி வாரியங்களுக்கும் எழுதிய கடிதம் இன்னும் ஒரு படி மேலே போனது. குளுக்கோமீட்டரும் ஸ்டிரிப்பும் தேர்வறைக்குள் போகலாம், கண்காணிப்பாளரிடம் வைத்துக்கொண்டு தேவைப்படும்போது சோதிக்கலாம். உடலில் ஒட்டியிருக்கும் சென்சாரையும் இன்சுலின் பம்பையும் கழற்றச் சொல்லக் கூடாது. சென்சாரைப் படிக்கக் கைப்பேசி தேவைப்பட்டால் அது ஆசிரியர் கையில் இருக்கலாம்.

அந்தக் கடிதத்தின் நகலை நம் பெற்றோர் கையில் வைத்திருப்பது நல்லது. மருத்துவச் சான்றிதழோடு சேர்த்துத் தலைமையாசிரியரிடம் ஜனவரியிலேயே கொடுத்து, தேர்வு மைய முதன்மைக் கண்காணிப்பாளர் வரை எழுத்தில் போய்ச் சேர்ந்ததா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்வன்று காலையில் வாயிலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பது, ஏற்கனவே பதறியிருக்கும் பிள்ளையின் அட்ரினலினைத்தான் கூட்டும்.

திருப்புதல் தேர்வை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். பாடத்துக்கு மட்டுமா அது ஒத்திகை? பொதுத்தேர்வின் நேரத்திலேயே அதை நடத்தினால், பிள்ளையின் உடலுக்கும் அதுதான் ஒத்திகை. அன்று காலை எழுந்ததும், 9.45-க்கும், 11.15-க்கும், முடிந்ததும் சோதித்து நான்கு எண்களையும் நோட்டில் எழுதி வைக்கட்டும். எத்தனை இட்லி, எப்போது ஊசி, நடையா பேருந்தா என்பதையும் ஓரத்தில் குறிக்கட்டும். மூன்று, நான்கு தேர்வு முடிவதற்குள் ஒரு போக்கு தெரிந்துவிடும். சில பிள்ளைகளுக்கு எப்போதும் 11.15-ல் இறங்கும்; சிலருக்குக் கணிதத் தேர்வன்று மட்டும் ஏறும். மருத்துவரிடம் போகும்போது அந்த ஒரு பக்கம், “சுகர் ஏறி இறங்கிட்டே இருக்கு டாக்டர்” என்ற பேச்சைவிட ஆயிரம் மடங்கு உதவும். அறைக்குள் போகும் முன் எண் 100-க்குக் கீழே இருந்தால் இரண்டு பிஸ்கட்டோ ஒரு பழமோ சாப்பிட்டுவிட்டுப் போவது பொதுவான அறிவுரை.

நீரிழிவு இல்லாத பிள்ளை தேர்வறையில் மயங்கி விழுந்தால் உடனே “சுகர் இறங்கிடுச்சு” என்பார்கள். பெரும்பாலும் அப்படி இருக்காது. காலையில் சாப்பிடாமல் வந்தாலும், நல்ல உடலுள்ள பிள்ளையின் கல்லீரல் சேமிப்பிலிருந்து சர்க்கரையைத் தந்துகொண்டே இருக்கும். அந்த மயக்கத்துக்குப் புழுக்கமும் நீர் குறைவும் பயமும்தான் பெரும்பாலும் காரணம். காலை நீட்டிப் படுக்க வைத்தால் தெளிந்துவிடும்.

ஆனால் இன்சுலின் போடும் பிள்ளை பேச்சுக் குழறி, சொன்னது புரியாமல் விழித்தால் ஒரு நிமிடமும் காத்திருக்கக் கூடாது. விழுங்க முடிகிறது என்றால் உடனே குளுக்கோஸ். அப்போது சோதிக்கக்கூட நேரம் செலவிட வேண்டாம். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சோடா, தண்ணீர், சர்க்கரைக் கரைசல் எதுவானாலும் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழைக்க வேண்டும். ஊசி போடும் சுகர் பிள்ளை என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும். சிரை வழியே குளுக்கோஸ் ஏறியதும் பெரும்பாலான பிள்ளைகள் சில நிமிடங்களில் கண் திறப்பார்கள்.

1.15-க்கு மணி அடித்து விடைத்தாளைக் கட்டிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால், தோழிகள் வாசலில் நின்று விடைகளை ஒப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். கலங்கல் மருந்து அப்போதும் உச்சத்தில்தான் இருக்கிறது. மாலை ஐந்து மணி வரைகூட இருக்கும். ஊருக்குப் போகும் பேருந்து எப்போது வரும் என்பது தெரியாது. ஆகவே பேச்சு அப்புறம்; முதலில் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, கொண்டுவந்த சாப்பாட்டைப் பள்ளி மரத்தடியிலேயே சாப்பிட்டு முடிக்க வேண்டும். எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு பேருந்து ஏறலாம். அடுத்த தேர்வுக்கு இடையில் கிடைக்கும் நாட்களில் ஊசியின் அளவைத் திருத்த மருத்துவருக்கு அந்த எண் வேண்டும்.